பிந்திச் சொல்லும் முள்

ராய்ட்லிங்கன் நகரைத் தாண்டியதும், எஞ்சின் இல்லாத அந்தக் கிளைடர் விமானத்தின் பேட்டரி செத்தது. மேலேறினால் கீச்சிட்டும் இறங்கினால் முனகியும் சொல்லிக்கொண்டிருந்த கருவி வாயடைத்துப்போக, ஓட்டிக்கொண்டிருந்த அல்முட்டுக்கு மிஞ்சியது ஏற்ற இறக்கம் காட்டும் பழைய முள் ஒன்றுதான்.

பின்னிருக்கையில் ரோஸ்விதா. இருவரும் பங்குபோட்டு வாங்கிய கிளைடர். போன கோடையில் எப்படியாவது வீடு போய்ச் சேரப் பார்த்து, கடைசி நொடியில் சோளக்காட்டில் இறக்கி அல்முட் சக்கரத்தை ஒடித்தாள். அதிலிருந்து ரோஸ்விதா அவளைத் தனியாக விடுவதில்லை.

"கீழ அறுத்த கோதுமை வயல் இருக்கு, பாத்துக்க. முந்நூறு மீட்டர் உயரத்துக்கு வந்தா இறங்கிடணும்," என்றாள் ரோஸ்விதா.

"சரி தாயே."

வெயிலில் சூடேறிய கல்குவாரிக்கு மேல் முள் விருட்டென்று ஏறியது. அங்கே மேலெழும் காற்றுக்குள்ளேயே சுற்றினால்தான் கிளைடர் உயரும். அல்முட் உடனே சாய்த்துத் திரும்பினாள். பாதிச் சுற்றில் முள் விழுந்தது. மறுபடி திரும்பினாள், அதே கதி.

"முள்ளு ஏறுனாத்தானேடி திரும்புறேன்!"

"அதுக்குச் சேதியே லேட்டாத்தான் வருது. விருந்து முடிஞ்சப்புறம் தட்டைத் தூக்கிட்டு ஓடுற நீ."

அல்முட் யோசித்தாள். முள் உச்சி தொடும்போது கிளைடர் அந்த இடத்தைக் கடந்து எங்கோ போயிருக்கிறது.

"நான் முள்ளைப் பாக்கல. அது உச்சிக்குப் போறப்ப நீ சொல்லு."

வளைந்துகொண்டே காத்திருந்தாள். கிளைடரின் மூக்கு குவாரியைப் பார்த்தபோது, மேலெழும் காற்றில் இருக்கை அடியிலிருந்து முட்டியது. "இப்போ" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ரோஸ்விதாவின் "இப்போ" வந்தபோது எதிரே தேவாலயக் கோபுரம் நின்றது. அவ்வளவு தூரம் பிந்தியிருந்தது முள்.

"முந்நூத்தி இருபது," என்றாள் ரோஸ்விதா. அவள் கை தன் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோலில் இருந்தது.

"ஒரே ஒரு சுத்து. வயலை விட்டு நகர மாட்டேன்."

பின்னால் ரோஸ்விதாவின் பிடி தளர்ந்தது. கோலின் இறுக்கம் விட்டது.

இம்முறை இருக்கை முட்டியதுமே இறக்கைகளை நேராக்கி, குவாரியை நோக்கிக் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு சாய்த்தாள். முள் இன்னும் இறக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவள் திருப்பத்தை மாற்றவில்லை. மெல்ல, மனமில்லாததுபோல், அது மேலே வந்து நின்றது. சுற்று முழுவதும் இறங்கவேயில்லை.

அந்த ஏற்றத்தில் உயரம் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். மாலையில் தங்கள் கிளைடர் மன்றத்து ஓடுபாதையில் கிளைடரைத் தள்ளிக்கொண்டு போகும்போது ரோஸ்விதா கேட்டாள்: "அந்தச் சுத்துல ஒண்ணும் கிடைக்கலேன்னா?"

"வயல்ல இறங்கியிருப்பேன். வேறென்ன?"

ரோஸ்விதா குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு," என்றாள். "நீ மட்டும் எடுத்துட்டுப் போ."