இத்தாலி மாப்பிள்ளைகள்

பாம்! பாம்! ரப்பர் தோட்டத்து வளைவில் டெம்போ அலறியதும், சத்தியதாஸ் செருப்புகூட மாட்டாமல் ஓடினார்.

"மாப்பிள்ளைமாரு வந்தாச்சு அண்ணே!" ஒற்றசேகரமங்கலத்துத் தேனீ வியாபாரி ஈசாக் குதித்து இறங்கினான். வண்டியில் நான்கு பெட்டிகள். உள்ளே இத்தாலித் தேனீக்கள்.

"மெல்ல இறக்குலே. குலுக்காத."

பாறசாலைப் பக்கம் நாட்டுத் தேனீயை நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. மரப்பொந்து, கல்லிடுக்கு எங்கும் கூடு மிச்சமில்லை. சத்தியதாஸிடம் ஒரே ஒரு பெட்டி தப்பியது. அதிலும் கிழட்டு ராணி செத்து, புது ராணி பிறந்திருந்தது. அது வெளியே பறந்து ஆண் ஈக்களோடு கூடி வந்தால்தான் பெட்டி பிழைக்கும். ஆணுக்கு எங்கே போவது? தேனைத் தின்று தீர்க்கும் என்று, இருந்த ஆண் புழுக்களையும் வழக்கம்போல அடையோடு அறுத்து எறிந்திருந்தார்.

அவர் மகள் ரெஜிலா நெய்யாற்றின்கரையில் விலங்கியல் ஆசிரியை. பெட்டிகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, இது சேராது."

"ஏன் சேராது? நம்ம பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டு கன்னு பெறல்லியா?"

"அது ரெண்டும் இன்னும் சேரும். இதுங்க அப்படி இல்ல. ஆதியில ஒண்ணுதான். ஒரு கூட்டம் அந்தப் பக்கம் மாட்டிச்சு, ஒண்ணு இந்தப் பக்கம். நடுவுல மலையும் பாலைவனமும். லட்சக்கணக்கான வருஷம் கொள்வினை கொடுப்பினையே இல்ல. அதது தனியா மாறிப் போச்சு. இப்ப பறக்கிய நேரமே வேற. தப்பித்தவறிச் சேர்ந்தாலும் கரு தங்காது."

"அடுத்தடுத்து இருந்தா பழகிரும் மோளே."

ஈசாக் சிரித்தான். "டீச்சரே, சபையில யாரும் சம்மதிக்காத கல்யாணம் எத்தன நடந்திருக்கு!"

ரெஜிலா சிரிக்கவில்லை.

மத்தியானம் இத்தாலி ஆண்கள் கூட்டமாகக் கிளம்பும். திரும்பி வந்து அடங்கும். வெயில் சாய்ந்த பிறகுதான் ராணி வாசலுக்கு வரும். சத்தியதாஸ் விடவில்லை. இத்தாலிப் பெட்டி வாசல்களில் சல்லடைத் தகடு வைத்து ஆண்களை அடைத்தார். ராணி கிளம்பும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டார். ராணி போன மாதிரியே திரும்பி வந்தது.

மறுநாளும் அப்படியே. பிறகு மழை பிடித்துக்கொண்டது; வாரக்கணக்கில் விடவில்லை.

பறக்கும் பருவம் தாண்டினால் ராணி கூட்டிலேயே தங்கிவிடும். கூடாமலே முட்டையும் இடும். அதில் ஆண் மட்டுமே பிறக்கும்; கூட்டுக்கு உழைக்கும் பெண் ஈ ஒன்றுகூடப் பிறக்காது. தேனீ வளர்க்கும் யாருக்கும் இது தெரியும்.

மழை விட்டதும் சத்தியதாஸ் பெட்டியைத் திறந்தார். அடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூடிய அறைகள் வரிசையாகத் தெரிந்தன. ரெஜிலா ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுக்களை வாசலிலிருந்து அவர் மனைவி ஆனந்தபாய் எட்டிப் பார்த்தாள். "என்னவாச்சு? பிள்ளைய உண்டா?"

"நிறைய உண்டு," என்றார் சத்தியதாஸ்.

"கர்த்தாவே! பின்ன எதுக்கு ரெண்டுபேரும் இப்படி நிக்கிய?"

அவர் அடையை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினார்.

"எல்லாம் ஆணாக்கும்."