போட்டித் தேயிலையும் சுட்ட கிழங்கும்

லூகு மலையில் தேயிலைப் போட்டி வந்தாலே பாவ்-ஜூவுக்கு வயிறு எரியும். ஊலாங் தேயிலையை வறுப்பது அவள். பரிசு வாங்குவது அவள் கணவனின் அண்ணன் தியென்-வாங். வருடா வருடம் இதே கூத்து. கூடத்துச் சுவர் முழுக்க அவர் பெயர் பொறித்த பலகைகள். விருந்தாளிகள் வந்தால் அவற்றின் கீழேயே உட்கார்ந்து தேநீர் ஊற்றியபடி, "நெருப்போட பேசத் தெரியணும்" என்பார். கொஞ்சமும் கூசாமல் சொல்வார்.

இந்த வருடம் அவள் விடவில்லை.

"என் பேர்ல குடுக்கறதா இருந்தா வறுக்கறேன். இல்லேன்னா நீங்களே நெருப்போட பேசிக்குங்க மாமா" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கணவன் மிங்-ஷான் சோற்றுக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தியென்-வாங் சிரித்தார். "சரிம்மா, உன் பேர்லயே குடு. நான் வாக்கு மாற மாட்டேன்."

வரிசையாக இருந்த குழிகளில் கரியை மூட்டி, தணல் கண்ணுக்கே தெரியாதபடி உமிச்சாம்பலால் மூடி, மேலே மூங்கில் கூடைகளில் இலையைப் பரப்பினாள். அந்தச் சாம்பலில்தான் எல்லாமே இருக்கிறது. மெல்லிசாகப் போனால் இலை கருகும். கனத்துவிட்டால் பச்சை வாடை போகாது. இலை கறுத்து, குடித்த பிறகும் தொண்டையில் இனிப்பு தங்கும் பதம் வரும்வரை பாவ்-ஜூ பூண்டைத் தொடவில்லை. வாசனை சோப்புகூடப் போடவில்லை; பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் இலை இழுத்துக்கொள்ளும். இரவு பகலாகக் கண்விழித்ததில் கடைசி நாள் காலையில் கண் சொருகியது. மிங்-ஷான் தோட்டத்தில் இருந்தான். வேறு வழியில்லாமல் தியென்-வாங்கைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன் மாமா. கூடையை இறக்கி இலையைப் புரட்டி விட்டாப் போதும். சாம்பல்ல மட்டும் கை வைக்காதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? போய்ப் படும்மா."

அவளை எழுப்பியதே வாசனைதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுகிற வாசனை. விழுந்தடித்து ஓடினாள். தியென்-வாங்கும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார்கள்.

"வாம்மா, தேனா இருக்கு! நீயும் ஒண்ணு எடுத்துக்க."

"எதுல சுட்டீங்க?"

"குழியிலதான். தணல் சும்மாத்தானே எரியுது? கூடையெல்லாம் இறக்கிட்டு, குழிக்கு ரெண்டாப் பொதச்சேன். அப்புறம் பத்திரமாத் தூக்கி வச்சுட்டேன்."

எல்லாக் குழியிலும் சாம்பல் கிளறிக் கிடந்தது. செந்தணல் பல்லை இளித்தது. ஒரு பிடி இலையை அள்ளிக் கொதிநீர் ஊற்றிக் குடித்தாள். கரி. கரிக்கு அடியில் கிழங்கு.

"உங்களுக்கு அறிவிருக்கா மாமா? அறிவிருக்கான்னு கேக்கறேன்!"

கூட்டாளிகள் வாயைத் துடைத்துக்கொண்டு நழுவினார்கள்.

மாலையில் மிங்-ஷான் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். "கொஞ்சம் நெருப்பு வாடை. ஆறப் போட்டா அடங்கிடும்."

"வாடை அடங்கும்யா, கருகினது பச்சையாகுமா?" ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாற்றுத் தேயிலை ஒரு கைப்பிடி கிடையாது. போட்டிக்குப் பதிந்துவிட்டுத் தேயிலையைக் கொடுக்காமல் விட்டால் அடுத்த வருடம் அந்த வீட்டைச் சேர்க்கமாட்டார்கள்.

மறுநாள் காலை தேயிலையைக் கொடுக்கிற இடத்தில் ஊரே வரிசையில் நின்றது. மூட்டையை இறக்கியதுமே தியென்-வாங் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"இந்தத் தடவை தம்பி பொண்டாட்டி பேர்ல எழுதிக்குங்க. முழுக்க அவ வேலைதான். நான் கையே வைக்கல!"

யாரோ கை தட்டினார்கள். பாவ்-ஜூவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் பொறுத்திருந்து கேட்டு வாங்கிய பெயர், இந்தக் கரிமேல் ஒட்டவா?

"சொல்லுங்கக்கா, பேரு?" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"லியாவ் தியென்-வாங்."

"உங்க பேருன்னு அவர் சொல்றாரே?"

"அவருக்கு ரொம்பப் பெரிய மனசு" என்றாள் பாவ்-ஜூ. வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. "மத்த வருஷமெல்லாம் நான் வறுத்தேன். இது ஒண்ணுதான் அவர் வறுத்தது."