வீரய்யாவுக்கு நேரே ஒரு வெற்றுப் புலம்

பிணவறையில் அப்பாவை அடையாளம் காட்டிவிட்டு ஷாமிலா நேரே வேலைக்கு வந்தாள்.

ஹட்டன் பஜாரில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கணினி வகுப்பு. படியேறி, குடையை மூலையில் சாய்த்து, கம்ப்யூட்டரைப் போட்டாள். அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பஸ்ஸில் காத்திருந்தது வீண். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"என்ன பிள்ளை, அப்பாட சங்கதி ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்டார் வகுப்பை நடத்தும் சண்முகராஜா. யாழ்ப்பாணத்துக்காரர். மலையகத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தும் பேச்சு மட்டும் இடம்பெயரவில்லை.

"தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க சார்."

பொய். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

முந்தாநாள் கிரேக்ஹில் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, அப்பா இருந்த மேல் லயத்து வீட்டு வரிசையை மூடிவிட்டது. கொழும்பிலும் குவைத்திலும் வேலை செய்யும் சொந்தங்கள் விடாமல் ஃபோன் அடித்தன. "ஒரு வெப்சைட் போட்டிடுவம் பிள்ளை, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் சண்முகராஜா. நேற்றே அவசர அவசரமாகப் பி.எச்.பி. நிரல்மொழியில் எழுதிவிட்டாள். ஆளுக்கொரு குழு. குழுவுக்குள் நிரப்ப வேண்டிய மூன்று கட்டங்கள், அதாவது புலங்கள்: பெயர், லயத்து வீடு, நிலை.

இன்று விவரங்களை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். கடைசி மூன்று வீடுகள் வந்தன. அப்பா வீரய்யா. நிலை என்ற இடத்தில் விரல் நின்றது. ஒரே ஒரு சொல். அதைத் தட்டாமல் அடுத்த ஆளுக்குத் தாவினாள். முத்துலிங்கம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பேச்சியம்மா, இறந்துவிட்டார். பக்கத்தை ஏற்றிவிட்டு எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றினாள். குடிக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் ஃபோன் அலறியது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அம்மா ஜெயலெட்சுமி.

"பாப்பா! டிரைவர் தம்பி கம்ப்யூட்டர்ல காட்டுனாருடி! அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருன்னு போட்டிருக்கே! ஏன்டி எனக்கு சொல்லல? கால் கை நல்லாருக்கா? சோறு திங்கிறாரா?"

ஷாமிலா திரையைத் திறந்து பார்த்தாள். வீரய்யா, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவள் எழுதிய பக்கம்தான் சொன்னது.

"பாப்பா, இருக்கியா?"

"இருக்கேம்மா."

"அந்த மனுசன் பீடி கேப்பாரு. குடுத்துராத!"

"குடுக்க மாட்டேம்மா."

ஃபோனை வைத்தாள். தப்பு எங்கே என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவளுடைய நிரல் குழு குழுவாக எடுக்கவில்லை. பெயர்களை ஒரு வரிசையாகவும் நிலைகளை ஒரு வரிசையாகவும் எடுத்து, எண்ணுக்கு எண் ஜோடி சேர்த்தது. வெற்றுப் புலத்தை அது எடுப்பதே இல்லை. அப்பாவுக்கு அவள் விட்ட வெற்றிடத்துக்குள் அடுத்த வீட்டு முத்துலிங்கத்தின் ஆஸ்பத்திரி ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரு நிமிஷ வேலை, திருத்திவிடலாம். ஷாமிலா மவுசைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கத்திலாவது அப்பா கட்டிலில் படுத்துப் பீடி கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

பொழுது சாயும் நேரம். படியில் தடதடவென்று சத்தம். நனைந்த வெள்ளைச் சட்டையோடு ஓர் ஆள் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"முத்துலிங்கத்தோட தம்பிங்க நானு, சின்னத்தம்பி. கொழும்பு வெள்ளவத்தையில சாப்பாட்டுக் கடயில வேல செய்றேன். எங்கண்ணன எங்க வச்சிருக்காங்க? அண்ணி ஃபோன எடுக்க மாட்டேங்குது. பெட்டியோட வந்துட்டேன்."

"என்ன பெட்டி?" என்றார் சண்முகராஜா.

"சவப்பெட்டிங்க. மலர்ச்சாலையில வாங்கி வேன்ல கட்டிக்கிட்டு வர்றேன். வழியெல்லாம் மண்ணு சரிஞ்சு கிடக்கு."

ஷாமிலா திரையைப் பார்த்தாள். வரிசை அங்கேயும் ஒரு படி ஏறியிருந்தது. முத்துலிங்கம், இறந்துவிட்டார். அது பேச்சியம்மாவுடையது. பேச்சியம்மாவுக்கு நேரே ஒன்றுமே இல்லை. அப்பாவை மட்டும் பார்த்தவள் அதற்குக் கீழே கண்ணை இறக்கவே இல்லை.

"உங்கண்ணன் உயிரோட இருக்காருங்க" என்றாள். "கால்ல கட்டு. காலையில என் கண்ணால பாத்தேன். அண்ணி பக்கத்துலதான் இருக்காங்க."

சின்னத்தம்பி திரையை எட்டிப் பார்த்தான். "அப்ப கம்ப்யூட்டர்ல போட்டிருக்கிறது?"

"தப்புங்க. என் தப்பு."

"தப்பா? அடிப்பாவி! கொழும்புலருந்து அழுதுக்கிட்டு வர்றேன்டி நானு!" திட்டிக்கொண்டே சிரித்தான், சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து அழுதான்.

அவளுக்கு அந்த அழுகை பொறாமையாக இருந்தது. நாற்காலியை இழுத்தாள். குழு ஒன்றை எடு, அதன் மூன்று புலங்களையும் சேர்த்துக் காட்டு, பிறகே அடுத்த குழுவுக்குப் போ என்று நிரலை மாற்றினாள். பக்கத்தைத் திரும்ப எடுத்தாள். முத்துலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பேச்சியம்மா இறந்தாள். வீரய்யாவுக்கு நேரே வெள்ளையாகக் கிடந்தது. இப்போது யாருடைய சொல்லும் அங்கே ஏறவில்லை.

அந்த இடத்தில் ஷாமிலா சொல்லைத் தட்டினாள். ஒவ்வோர் எழுத்தாக.

பின்னால் நின்ற சண்முகராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப பிள்ளை?"

"காலையில சார். பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

ஷாமிலா திரும்பாமலே பக்கத்தை ஏற்றினாள். சின்னத்தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"அப்பாவுக்குப் பெட்டி வந்துருச்சாங்க?"

"தோட்டத்துலதான் குடுப்பாங்க. எழுதிக் குடுக்கணும். நான் ஆபீசுக்கு இன்னும் போகல."

"அப்ப கீழ வேன்ல இருக்குறத..."

"அப்பா உங்கண்ணன விட உயரம்" என்றாள் ஷாமிலா. "பரவால்ல. பத்தும்."

ஃபோன் மறுபடியும் அலறியது. சண்முகராஜா கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டாள்.

"பாப்பா, டிரைவர் தம்பியக் கூட்டியாந்திருக்கேன். இன்னொரு வாட்டி அப்பா பேர..."

"பாக்காதம்மா" என்றாள் ஷாமிலா. "நானே சொல்றேன்."