அமீனாக்கா சொல்லாதது

வண்டி பின்னால் போனால் என் மகன் கதிரவனுக்குப் பிடிக்காது. ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் கண்ணாடியில் இடிப்பான். இதைப் புரிந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவர் எனக்குத் தெரிந்து ஜமீர் அண்ணன் ஒருவர்தான். அமீனாக்காவின் கணவர். பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். எங்கே நிறுத்தினாலும், கிளம்பும்போது நேராகவே போகும்படி இடம் பார்த்து நிறுத்துவார். அதனால்தான் இரண்டு குடும்பமும் அவர் வேனில் ஒகேனக்கல் போவது என்று முடிவானது. கூட்டம் இருக்காது என்பதால் செவ்வாய்க்கிழமை. என் கணவர் கலைவாணன் லீவு போட்டார்.

கதிரவனுக்கு ஏழு வயது. அமீனாக்காவின் மகள் உமைராவுக்கு ஆறு. இருவருக்கும் ஆட்டிசம். தர்மபுரியில் ஒரே பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போகிறோம். நான் மாரண்டஹள்ளியில் பஸ் ஏறிப் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைப்பேன். பாலக்கோட்டில் அக்கா ஏறுவார். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. அக்காவிடம் மட்டும் வரும். என் மகனும் பேசுவதில்லை, அவர் மகளும் பேசுவதில்லை. அதனால் எங்களுக்குள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேனில் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் ஓரம். நடுவில் நாங்கள். காலடியில் மாற்றுத்துணி, கதிரவன் சாப்பிடும் ஒரே தட்டு, காதை மூடும் ஹெட்போன். பென்னாகரம் தாண்டி இறக்கத்தில் குரங்குகள் தெரிந்தன. உமைரா கண்ணாடியில் கை வைத்து வாயைத் திறந்தாள். அக்கா சட்டென்று ஒரு பிஸ்கட்டை அவள் வாயில் வைத்தார். கொஞ்ச நாளாக பஸ்ஸிலும் இப்படித்தான். பாப்பா குண்டாகிவிட்டாள் என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். அக்கா சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒகேனக்கல்லில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பரிசலில் ஏறவில்லை. கதிரவன் தண்ணீர் விழுவதைத் தூரத்திலிருந்தே பார்த்தான், கையை உதறினான், சந்தோஷமாக இருந்தான். பிறகு மீன் வறுக்கும் கடைக்குப் போனோம். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அமீனாக்கா பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“மீன் வேணும்” என்று ஒரு குரல் கேட்டது.

உமைரா. மீன் வறுபடும் கல்லைக் காட்டி, அம்மாவின் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னாள். “அம்மி, மீன் வேணும்.”

அக்கா பையைப் போட்டுவிட்டு அவள் வாயைக் கையால் பொத்தினார். பொத்திய பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. ஜமீர் அண்ணன் எதையும் கவனிக்காமல் சிரித்தார்.

“வூட்டுல வாயே மூடறதில்லீங்க தங்கச்சி. நைநைன்னு ஒரே பேச்சு.”

கலைவாணன் உமைராவைத் தூக்கிக்கொண்டார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கதிரவனின் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தேன்.

நான் படித்தது வேதியியல். ஒரே பொருளை எடுத்து, ஒரே அளவு சூடாக்கினால் ஒரே விளைவு வர வேண்டும். ஒரே டீச்சர், ஒரே பயிற்சி, ஒரே பஸ். அக்கா ஒரு நாள் போகாவிட்டாலும் நான் போயிருக்கிறேன். வீட்டில் கண்ணாடி முன் உட்கார வைத்து அவன் உதட்டைப் பிடித்துப் பிடித்து ‘ம’ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘மீன்’ என்பதில் முதலில் வருவதும் அதே ‘ம’தான். எனக்கு வரவேண்டியதை யாரோ தவறான வீட்டில் கொடுத்துவிட்டுப் போனது போலிருந்தது.

கதிரவன் குந்தி உட்கார்ந்து வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமீனாக்கா மீன் தட்டோடு வந்தார்.

“எப்பலேருந்துங்க்கா?”

“ரெண்டு மாசமாச்சு.”

“இத்தன நாளும் எம்பக்கத்துலதான உக்காந்து வந்தீங்க.”

அக்கா சக்கரத்தையே பார்த்தார். “சோபனாவ நாம என்ன பண்ணோம், மதி?”

சோபனாவின் மகனும் அதே மையத்துக்கு வந்தவன். போன வருஷம் பேச ஆரம்பித்தான், சாதாரணப் பள்ளியில் சேர்ந்தான். அவனுக்கு ஆட்டிசமே இருந்திருக்காது, தாமதமாகப் பேசுகிற பிள்ளை, அவ்வளவுதான் என்று பஸ்ஸில் நாங்கள் இருவரும் பேசினோம். சோபனா போன் செய்தபோது இருவருமே எடுக்கவில்லை.

“உன்ன வுட்டா எனக்கும் யாரு இருக்கா?” என்றார் அக்கா. “அதான் வாயத் தொறக்கறப்பெல்லாம் எதையாச்சும் வெச்சு அடைச்சேன். எம்புள்ள வாய நானே.”

சந்தோஷம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரே ஒரு சொல். எனக்கு அது வரவில்லை.

“மீன் ஆறிடும்” என்றேன்.

திரும்பும்போது நேராகப் பாலக்கோடு போக பாப்பாரப்பட்டி வழியை எடுத்தார் ஜமீர் அண்ணன். முன் சீட்டில் ஆண்கள் தக்காளி விலை பேசிக்கொண்டு வந்தார்கள். இனி பஸ்ஸில் துண்டு போட வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சோபனா கேட்கவில்லையே.

எதிரே ஒரு லாரி வந்தது. “லா” என்றாள் உமைரா. உடனே நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்ன விரல்களுக்கு மேலே கண்கள் என்னையே பார்த்தன. யார் முன்னால் பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“என்ன பாப்பா பாத்த?” என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“சொல்லு. என்னது அது?”

“லாரி” என்றாள் விரலிடுக்கு வழியாக.

“அப்புறம்?”

கையை எடுத்தாள். “மாடு.” கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி டேங்க்.” அப்புறம் பாலம், ஆடு, கடை, இன்னொரு லாரி. கதிரவன் என் பக்கம் கண்ணாடியில் நெற்றியை வைத்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு வயிறு எரிந்தது. இதை இவன் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

பாப்பாரப்பட்டி தாண்டியும் அவள் விடவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்புறம்?” என்று கேட்டேன்.