சூடு சொரணை

படிவத்தில் பதினொரு கேள்விகள். சர்க்கரை உண்டா, நெஞ்சில் கருவி பொருத்தியிருக்கிறதா, உடம்பில் கம்பி, தகடு உண்டா, மரத்துப்போன இடம் உண்டா என்று போகும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அதை நூறு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார் லிங்கராஜ் சார். வருகிறவரின் பெயர், வயதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டிருந்தா பொழுது போயிரும்" என்றார், நான் வேலைக்குச் சேர்ந்த அன்று.

எங்கள் பிசியோதெரபி சென்டர் எட்டயபுரம் ரோட்டில், மாடியில் இருக்கிறது. போர்டில் பெயர் உள்ள பிசியோதெரபிஸ்ட் செவ்வாயும் சனியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் சாரும் நானும்தான். சார் அதற்குப் படித்தவர் இல்லை. இந்த மெஷின்களை விற்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் பி.எஸ்சி. இயற்பியல். ரிசப்ஷனுக்குத்தான் எடுத்தார். இரண்டாவது வாரமே, வலிக்குச் சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கை நோயாளிகளுக்கு வைக்கச் சொன்னார். தயங்கினேன்.

"பிசிக்ஸ்தானம்மா படிச்சிருக்க? இதுவும் கரண்ட்டுதான்."

எனக்கு மறுத்துப் பேச வராது. கல்லூரியில் வைவாவுக்கே வாய் திறக்காமல் நின்றவள். தலையை ஆட்டினேன்.

கண்ணுசாமி வந்தது ஒரு புதன்கிழமை. அறுபது வயது இருக்கும். எட்டயபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆடு மேய்ப்பவர். மூன்று மாதமாகக் குதிகாலில் வலி. கூடவே அவர் மனைவி சத்தியபாமா ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"படியில செருப்பு கழண்டு கெடக்கு. அதுகூடத் தெரியாம ஏறி வருதாரு பாரும்மா இந்த மனுசன்."

கண்ணுசாமி சிரித்தார். "காலு காய்ச்சிப் போச்சு தாயி. உடைமுள்ளு ஏறுனாக்கூட இவ பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சித்திரை வெயில்ல கரிசக்காட்டுல வெறுங்கால்ல நடந்த காலுல்லா?"

பெருமையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பெயர், வயது எழுதிப் படிவத்தை நீட்டினேன். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மரத்துப்போன இடம் உண்டா என்ற ஒன்பதாவது கேள்விக்கு அவர் வாயாலேயே பதில் சொல்லி முடித்திருந்தார். நான் கேள்வியைக் கேட்கவே இல்லை.

விளக்கை முக்கால் மீட்டர் தள்ளி வைத்தேன்.

"சூடு தெரியுதா ஐயா?"

"உறைக்கலையே தாயி. இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்திருக்கோம். நல்லா வைங்க."

பக்கத்து அறையில் இருந்த சாரிடம் கேட்டேன்.

"கேக்காருல்ல, பக்கத்துல தள்ளி வையி. திருப்தியாப் போகட்டும். அப்பத்தான் நாளைக்கும் வருவாரு."

தூரத்தைப் பாதியாக்கினேன். தூரம் பாதியானால் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. இதை எழுதித்தான் மார்க் வாங்கினேன். இருபது நிமிடம் வைத்தேன். குதிகால் தோல் தடித்துக் கறுத்து, வெடிப்பு வெடிப்பாக இருந்ததால் சிவந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "இப்பத்தான் லேசா இதமா இருக்கு" என்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். வலது காலில் பெரிய கட்டு. மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அப்போது தடுப்புத் திரைக்குப் பின்னால் சண்முகராஜ் என்ற பெரியவரைப் படுக்கவைத்து, முழங்காலில் கரண்ட் வைப்பதற்கான பட்டைகளைச் சார் ஒட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"கொப்புளம் வந்து உடைஞ்சு, துணியெல்லாம் நனைஞ்ச பெறவுதான் பாத்தோம் அண்ணாச்சி" என்றார் சத்தியபாமா. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா சர்க்கரை முந்நூத்துச் சொச்சம்ங்காவ. கால்ல உணர்ச்சியே இல்லையாம். இந்தக் காலுக்கு எவன் சூடு வச்சான்னு டாக்டர் சத்தம் போடுதாரு. புண்ணு உள்ள எறங்குச்சுன்னா காலை எடுக்க வேண்டி வருமாம்."

சார் பதறவில்லை. என் மேஜை இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார்.

"இங்க பாருங்க. சர்க்கரை: இல்லை. மரத்துப்போன இடம்: இல்லை. கீழ உங்க வீட்டுக்காரர் கையெழுத்து. மறைச்சது அவரு."

"சர்க்கரை இருக்குன்னு எங்களுக்கே இப்பத்தான தெரியும்? கால் மரத்திருக்கான்னு கேட்டாத்தான சொல்லுவாரு?"

"விடு சத்தியபாமா" என்றார் கண்ணுசாமி. "நான்தான் கூட்டி வைக்கச் சொன்னேன். பிள்ள மேல குத்தம் இல்ல."

இருந்தது. அவர் அப்படிச் சொன்னதுதான் என்னைச் சுட்டது. காலைக் கொடுத்துவிட்டு, குற்றத்தையும் அவரே வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் சார். "செல்வி, ஒரு பேப்பர்ல எழுதும்மா. 'நான் கேட்டதால்தான் சூட்டைக் கூட்டினார்கள், எனக்குப் புகார் எதுவும் இல்லை'ன்னு. ஐயா கையெழுத்துப் போட்டுருவாரு."

கண்ணுசாமி பேனாவுக்குக் கையை நீட்டிவிட்டார். சத்தியபாமா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"உமக்குச் சூடு சொரணை இருக்காய்யா?"

சாரைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அது புதன்கிழமை விளக்கை வைக்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சூடு தெரிகிறதா, சொரணை இருக்கிறதா. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

பேப்பரை எடுத்து எழுதினேன். 'படிவத்தில் உள்ள கேள்விகள் எதுவும் இவரிடம் கேட்கப்படவில்லை. டிக்குகள் முன்பே போடப்பட்டவை. அகச்சிவப்பு விளக்கை முப்பத்தேழு சென்டிமீட்டர் தூரத்தில் இருபது நிமிடம் வைத்தது நான். நான் பிசியோதெரபி படிக்கவில்லை. வைக்கச் சொன்னவர் லிங்கராஜ். அவரும் படிக்கவில்லை.' தேதி போட்டு, இசக்கிச்செல்வி என்று கையெழுத்திட்டேன். இழுப்பறையிலிருந்து பெயர் எழுதாத படிவம் ஒன்றையும் உருவினேன். அதில் பதினொரு டிக்குகளும் இருந்தன. இரண்டையும் சத்தியபாமாவிடம் கொடுத்தேன்.

எட்டிப் படித்த சாரின் முகம் மாறியது.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு? உன் பேரையும்லா எழுதி வச்சிருக்க?"

"ஆமா சார். நானுந்தான் வச்சேன்."

திரைக்குப் பின்னாலிருந்து சண்முகராஜின் குரல் வந்தது. "எம்மா, என்னென்னமோ கேள்வின்னு பேசுதீங்களே. எனக்கு நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கு. அதை இங்கன சொல்லணுமா?"

சார் அசையவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவிட்ச் இன்னும் போட்டிருக்கவில்லை. இருந்தாலும் பிடுங்கினேன். பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துத் தரையில் போட்டேன்.

"சொல்லணும் தாத்தா. யாரும் கேக்கலைன்னாலும் சொல்லணும். செவ்வாய், சனி தவிர இங்க வராதீங்க. வந்தாலும், தொடுதவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டுட்டுப் படுங்க."

"அதையெல்லாம் கேட்டா கோவப்பட மாட்டாவளா?"

"படட்டும்."

சத்தியபாமா வாசலில் நின்றார். "நீயும் ஆஸ்பத்திரிக்கு வா. எம்புட்டு நேரம், எம்புட்டுத் தூரம்னு டாக்டர் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

பையை எடுத்துக்கொண்டேன். "இப்படியே போயிரு" என்று சார் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணுசாமி முன்னால் இறங்கினார். கட்டுப் போட்ட காலை ஊன்றாமல், கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். மூன்றாவது படியில் இடது கால் செருப்பு கழன்றது. அவர் நிற்கவில்லை. வெறும் பாதம் அடுத்த படியை நோக்கி இறங்கியது. அந்தப் படியின் விளிம்பில் தகரம் பெயர்ந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க!" என்று கத்தினேன்.

கீழே டீக்கடையில் நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.