முப்பத்தாறு கடிதங்கள்

இருபத்தேழாவது கிளைக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. எலெக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்றபடி "நேரா இருக்கா மேடம்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெரியம்மா ஆபீஸ் படியில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"கிளம்பிட்டேன்."

"எப்ப வருவேன்னு சொல்லு."

"கிளம்பிட்டேன்னு சொல்றேன்ல."

பலகை கோணலாகவே நின்றது. அவள் அதைப் பார்க்காமலே டாக்சியைத் தேடி ஓடினாள்.

கம்பெனியில் அக்காவைப் பெரிய மேடம் என்பார்கள், தங்கையைச் சின்ன மேடம். முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஒரு மேசையும் ஒரு டெலிபோனுமாக அக்கா ஆரம்பித்த தொழில். ஏதாவது ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் காய்ச்சலில் படுத்துவிட்டால், மறுநாள் காலை எட்டு மணிக்கு மாற்று ஆள் போய் நிற்பார். அவ்வளவுதான் வியாபாரம். முதல் மாற்று ஆள் தங்கையேதான். திங்கட்கிழமை வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தாள், புதன்கிழமை பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்தாள். அக்கா டெலிபோனை விட்டு நகர மாட்டாள். தங்கையோ உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் எழுந்துவிடுவாள். கம்பெனி வளர்ந்ததற்கு இந்த இரண்டு குணமும் வேண்டியிருந்தது.

டைப்பிஸ்டுக்குப் பிறகு நர்ஸ்கள், நர்ஸுக்குப் பிறகு கிடங்கு ஆட்கள், ஓட்டல் ஆட்கள், கப்பல் பட்டறைக்கு வெல்டர்கள். பக்கத்து ஊர், பக்கத்து நாடு, அப்புறம் கடல் தாண்டி. இப்போது பதினொரு நாடுகளில், விடிந்தால் பதினெட்டாயிரம் பேர் இவர்கள் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் வாசலில் போய் நிற்கிறார்கள். கிளை திறப்பது தங்கையின் பொறுப்பு. ஓர் ஊருக்குப் போவாள், அறை பிடிப்பாள், மேனேஜர் தேடுவாள், மூன்று மாதத்தில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பாள். முதல் தடவை கடல் தாண்டியபோது அவள் மகளுக்கு ஐந்து வயது. கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "மூணு மாசம்தானே, குழந்தைய நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா" என்றாள் அக்கா. அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தாறு வயது. தலைமை அலுவலகத்தில் ஆட்களை வேலைக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக்கூடாது என்றார் டாக்டர்.

"ஆறு வாரம் என் நாற்காலியில உக்காரு" என்றாள் அக்கா. "ஒண்ணையும் தொடாதே."

தங்கையால் உட்காரத்தான் முடியவில்லை. முதல் நாளே மேசையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் கீழே இறங்கி வரவேற்பில் வந்த போனை எல்லாம் எடுத்தாள். மூன்றாம் நாள் லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் மேனேஜர் ரகசியமாக மகளைக் கூப்பிட்டு, "உங்கம்மாவ எங்கயாவது கிளை திறக்க அனுப்ப முடியாதா?" என்று கேட்டே விட்டார்.

இப்படி வரவேற்பில் நின்றுகொண்டிருந்ததால்தான் அந்தப் பெண் அவள் கண்ணில் பட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"ஒரு லெட்டர் வேணும் மேடம். நிரந்தரமா வேலை பாக்கறேன்னு. வாடகைக்கு வீடு பாத்திருக்கேன், வீட்டுக்காரர் கேக்கறார்."

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஒன்பது."

"அப்புறம் என்ன, குடுத்தா போச்சு. பழைய லெட்டர் இருக்கா?"

அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். முப்பத்தாறு. எல்லாம் ஒரே கிடங்கு, ஒரே வேலை. ஒவ்வொன்றும் எண்பத்தொன்பது நாளுக்கு.

"தொண்ணூறு நாள் ஆயிட்டா நிரந்தரமாக்கணும்னு சட்டமாம். அதனால ஒரு நாள் நிறுத்திட்டு மறுபடியும் எடுப்பாங்க" என்று அந்தப் பெண்ணே விளக்கினாள், ஏதோ இவளுக்குத் தெரியாத சங்கதி மாதிரி.

"நிறுத்தற அன்னிக்கு என்ன செய்வீங்க?"

"மொதல்ல எல்லாம் தூங்குவேன். இப்பல்லாம் கேட் பக்கம் போய் எட்டிப் பாப்பேன், என் மேசையில யாரு நிக்கறாங்கன்னு."

சின்ன மேடம் கடைசிக் கடிதத்தைப் புரட்டினாள். கீழே இருந்தது அவளுடைய கையெழுத்து. முப்பத்தாறிலும் அதுவேதான். எப்போதோ விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று கையெழுத்து முத்திரை ஒன்று செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது.

மாடிக்குப் போய்க் கிடங்கு மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"அந்தம்மாவ நீங்களே வேலைக்கு எடுத்துக்குங்க. எங்க ஆள நீங்க எடுக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கறத நான் தள்ளிடறேன்."

"தப்பா நினைக்காதீங்க மேடம். எங்களுக்கு ஆள் வேணும், பொறுப்பு வேணாம். அதுக்குத்தானே உங்கள வெச்சிருக்கோம்?"

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு மேல அங்க இருக்கற யாருக்கும் இனிமே புது லெட்டர் போட மாட்டேன்" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள். அப்படி நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது, செய்தி முந்திக்கொண்டுவிட்டது என்று. அக்கா தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே வாரம். குடைசாச்சுட்டியே" என்றாள் அக்கா.

"முப்பத்தாறு தடவ என் கையெழுத்தப் போட்டிருக்காங்கக்கா."

"முத்திரையக் குடுத்துட்டு ஓடினது யாரு?"

"நான்தான். ஆனா நாம ஆரம்பிச்சது இதுவா? டைப்பிஸ்ட் காய்ச்சல் சரியாகி வந்தா நான் எந்திரிச்சு வந்துடுவேன். ஒன்பது வருஷம் ஒரே மேசையில நிக்கறவங்களுக்குப் பேரு மாத்து ஆளா?"

அக்கா சட்டென்று திரும்பினாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"நான்கூடத்தான் மூணு மாசத்துக்குன்னு உன் பொண்ண வாங்கிக்கிட்டேன். இருபத்தொரு வருஷம் ஆச்சு. எனக்கு யாருடி லெட்டர் குடுத்தாங்க?"

சின்னவள் அதை ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வதா, கணக்குத் தீர்ப்பதா, அழுவதா என்று புரியாமல் எழுந்து நின்றாள். நின்றதும் வாசல் பக்கம் கால் போயிற்று.

"போகாதே" என்றாள் மகள், மாத்திரையிலிருந்து கண் எடுக்காமல். "எது வந்தாலும் எந்திரிச்சுப் போயிடுவே. ரெண்டு பேரும் என்னை வெச்சுப் பஞ்சாயத்து பண்ணாதீங்க. எனக்கு ரெண்டு பேரும் வேணும், அவ்வளவுதான். இப்ப சொல்லுங்க, திங்கட்கிழமையிலேர்ந்து யாரும் வர வேணாம்னு கிடங்குல சொல்லிட்டாங்க, அந்த நாப்பத்தொரு பேரும் எங்க போய் நிப்பாங்க? யாராவது யோசிச்சீங்களா?"

யாரும் யோசித்திருக்கவில்லை.

கடைசியில் கிடங்கு பதினொரு பேரை நேரடியாக எடுத்துக்கொண்டது. பெட்டி கட்டும் பெண்ணும் அதில் ஒருத்தி. மற்றவர்களுக்குப் பதிலாக வேறொரு ஏஜென்சியிடம் ஆள் கேட்டுக்கொண்டது. திங்கட்கிழமை காலை முப்பது பேர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"உங்க நல்ல மனசுக்கு எங்க வயித்துல அடிச்சுட்டீங்களே" என்றார் அவர்களில் ஒருவர், கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுபவர். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

சின்ன மேடம் பையை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைத் தெருவில் இறங்கினாள். முப்பது வருடத்துக்கு முன்னால் செய்தது போலவே, ஒவ்வொரு கேட்டாக, ஒவ்வொரு வாட்ச்மேனாக. ஒரே ஒரு நிபந்தனை: ஆள் அனுப்புவோம், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் அவர் உங்கள் ஆள். பாதிப்பேர் சிரித்தார்கள். ஒருவர் நாற்காலிகூடக் காட்டவில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஆறு பேரை எடுத்தது. ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்பது பேரை. செருப்பு தேய்ந்து புதுச் செருப்பு வாங்கினாள். ஐந்து வாரத்தில் இருபத்தாறு பேருக்கு இடம் கிடைத்தது. மீதி நான்கு பேர் காத்திருக்க முடியாமல் அந்த வேறு ஏஜென்சியிலேயே சேர்ந்து, அதே கிடங்குக்கு, அதே எண்பத்தொன்பது நாள் கடிதத்தோடு திரும்பிப் போனார்கள். சரக்கு வண்டி ஓட்டுபவருக்குச் சலவைக்கூடத்தில் வேலை. வழியில் பார்த்தால் தலையசைப்பார். பேச மாட்டார்.

பெட்டி கட்டும் பெண்ணுக்கு வீடு கிடைக்கவில்லை. கடிதம் கைக்கு வருவதற்குள் வீட்டுக்காரர் வேறு யாருக்கோ விட்டுவிட்டாராம். "பரவாயில்ல மேடம், தேடிட்டிருக்கேன்" என்று போனில் சொன்னாள்.

ஏழாவது வாரம் அக்கா ஊன்றுகோலோடு ஆபீஸுக்கு வந்தாள். புது நிபந்தனையை இரண்டு தடவை படித்துவிட்டு, "பதினொரு நாட்டுக்கும் வேணாம். இந்த ஊருக்கு மட்டும் போட்டுப் பாப்போம்" என்று கையெழுத்திட்டாள். அந்த வருடம் கம்பெனி வளரவில்லை. பாதியில் நின்ற இருபத்தேழாவது கிளையைப் பார்க்க மகள் போனாள். போகும்போது இரண்டு பேரையும் ஒருசேரக் கட்டிக்கொண்டாள். அதில் யாரை முதலில் பிடித்தாள் என்று இரண்டு பேருமே கவனித்தார்கள், சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மேசைக்கு எதிரும் புதிருமாக இப்போது அக்காவும் தங்கையும்.

"உக்காரேன்டி, நீ சுத்தறதுல எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா.

உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கம்பெனி இருக்குக்கா."

"மணி அஞ்சு. மூடியிருப்பான்."

"வாட்ச்மேன் இருப்பாருல்ல" என்று பையை எடுத்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, குடைய எடுத்துட்டுப் போ" என்றாள் அக்கா. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.