வட்டத்துக்குள் ஒரு குரல்

"வீட்ல உங்க அண்ணன் உன்னை எப்பவாவது வாயை மூடுன்னு சொல்லியிருக்கானாம்மா?"

கோச் கோல்வின் இதைக் கேட்டபோது நான் கல்லில் கிடந்த தொர்த்தியா ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாயைத் திறப்பதே அபூர்வம், என்னை யார் மூடச் சொல்வார்கள்? இல்லை என்று தலையாட்டினேன்.

"வேற யாரையாவது?"

யோசித்துப் பார்த்துவிட்டு, யாரையும் சொன்னதில்லை என்றேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஈரி ஏரியிலிருந்து கிளம்பிய பனி கார்களையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது.

"அதுதான் எங்களுக்குத் தலைவலி," என்றார்.

கோல்வினின் வேலை, அமெரிக்கக் கால்பந்தில் அணியை நடத்திப் பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்குகளை உருவாக்குவது. என் அண்ணன் அமாதோவை இந்த ஊர் ஹெரான்ஸ் அணி எடுத்த நாளிலிருந்து அவன் இவருடைய பொறுப்பு. கால் எங்கே வைப்பது, எதிரணியின் பின்வரிசை நகர்வதை எப்படிப் படிப்பது, பந்தை எப்போது வீசாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் கோடை முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அமாதோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அவன் கையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அறுபது கெஜம் தள்ளி ஓடுகிறவனின் நெஞ்சுக்கே பந்து போய்ச் சேரும். பழைய குவார்ட்டர்பேக்குக்குத் தோள் முறிந்தபோது, இருபத்திரண்டு வயதில் அந்த இடம் இவனுக்கு வந்தது. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத குறை ஒன்று வெளியே தெரிந்தது.

ஒவ்வொரு தடவை பந்தை எடுப்பதற்கும் முன்னால் பதினோரு பேர் வட்டமாகக் கூடுவார்கள். என்ன ஆடப்போகிறோம் என்பது குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் கோச்சின் குரலாக வரும். அதை மற்ற பத்துப் பேருக்கும் அவன்தான் சொல்ல வேண்டும். கடிகாரத்தில் இருப்பது நாற்பது வினாடிதான். அதனால் வட்டத்துக்குள் ஒரே ஒரு குரல்தான் என்பது இந்த விளையாட்டில் எழுதாத சட்டம். ஹெரான்ஸ் அணியில் மட்டும் இரண்டு குரல்கள். இரண்டாவது குரல் டோபெக்குடையது.

டோபெக்தான் சென்டர், குனிந்து நின்று கால்களுக்கு நடுவே, பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுப்பவர். முப்பத்துநாலு வயது, தாடி, கதவு அகலத்துக்கு முதுகு. ஈரியின் கிழக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஊரே அவரைச் சொந்தம் கொண்டாடும். பழைய குவார்ட்டர்பேக் அவருக்குக் கூட்டாளி. இவர் வட்டத்தில் வாயடிப்பார், அவன் அதற்கு மேல் கத்துவான், காரியம் நடந்துவிடும். அமாதோவால் அது முடியவில்லை. டோபெக் பேச ஆரம்பித்தால் இவன் நிறுத்திவிடுவான். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். அதற்குள் கடிகாரம் ஓடி முடிந்து, நடுவர் மஞ்சள் துணியை வீசி, ஐந்து கெஜம் பின்னால் போகச் சொல்வார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அப்படி மூன்று முறை.

இது பயம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். எனக்குத் தெரியும், பயம் இல்லை. தெற்கே நாங்கள் பிறந்த வெஸ்லாக்கோவில் எங்கள் அப்பா வெங்காய வயல்களில் ஆட்களை மேய்த்தவர். சாயங்காலம் மேசையில் அவர் பேசும்போது நாங்கள் கரண்டியைக்கூடக் கீழே வைக்க மாட்டோம், சத்தம் வரும் என்று. பெரியவர்கள் பேச்சின் நடுவே புகுகிறவன் அங்கே வளர்ப்பு சரியில்லாதவன். கோல்வின் வீட்டில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்களாம். அவருக்கு இது விளங்கவே இல்லை. நான் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்லா வளத்திருக்காங்க," என்றார். "இப்ப நான் அதைக் கெடுக்கணும். அதுவும் ஞாயித்துக்கிழமைக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் இருந்தது. ஓய்வு பெற்றுப் போன ஹார்லன் என்ற முப்பத்தேழு வயது குவார்ட்டர்பேக்கை நிர்வாகம் வரவழைத்திருந்தது. இன்னும் ஒரு போட்டி பார்ப்போம், அதற்குப் பிறகு ஹார்லன் ஆடட்டும் என்று தலைமைக் கோச் முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் அமாதோவின் வயதில் இடத்தை விட்டு உட்கார்ந்தவர்களில் திரும்ப எழுந்தவர்கள் குறைவு. அமாதோ அதை என்னிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அவன் தொர்த்தியாவைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்ததில் எனக்குத் தெரிந்தது.

டோபெக்கிடமே சொல்லிவிடக் கூடாதா என்று நான் கேட்டேன். கோல்வின் தலையை ஆட்டினார். கோச்சுகள் சொல்லி அவர் நிறுத்தினால், அது கோச்சுகள் நிறுத்தியதாகத்தான் இருக்கும். அமாதோவே அவரை நிறுத்தினால்தான் வட்டம் அவனுடையதாகும். அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு வழி ஒன்று சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அமாதோ சமையலறையில் நின்று, வட்டத்தில் சொல்ல வேண்டிய ஆட்டங்களின் சங்கேதச் சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுவது வழக்கம். இனி அவன் சொல்லும்போது நான் குறுக்கே பேச வேண்டும். நிறுத்தாமல் பேச வேண்டும்.

"நானா?" என்றேன்.

"நீதான். டோபெக் பேசினா நிறுத்தறான். நீ பேசினா கண்டிப்பா நிறுத்துவான், ஏன்னா நீ பேசறதே இல்ல. உன்னைத் தாண்டிட்டான்னா எல்லாரையும் தாண்டிடுவான்."

பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். அம்மா ஊரில் வேலையை விட முடியாததால், சமையலுக்கும் துணைக்கும் என்று அண்ணனோடு வந்தேன். கடையில் பாக்கி குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். என்னிடம் போய் இந்த வேலை.

முதல் நாள் அமாதோ கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். எதிரே குளிர்பதனப் பெட்டி, இரண்டு நாற்காலி, நான். கோல்வின் கையில் கடிகாரம்.

"பச்சை வலது, நண்டு நகர்வு, முன்னூத்திப் பத்து..."

"உப்பு தீந்துடுச்சு," என்றேன்.

அமாதோ நிமிர்ந்தான். "தீந்துடுச்சா? நேத்தே சொல்றதுக்கு என்ன?"

கோல்வின் கடிகாரத்தை நிறுத்திவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். திரும்ப ஆரம்பித்தான். மாடி வீட்டுக்காரர் நாய் வாங்கியிருப்பதாகச் சொன்னேன். என்ன நாய் என்று கேட்டான். கீசர் சத்தம் போடுகிறது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அன்று ஒரு ஆட்டத்தைக்கூட அவன் முழுதாகச் சொல்லவில்லை.

"என்னை டோபெக்னு நெனச்சுக்கோ," என்றேன்.

"அவருக்குத் தாடி இருக்கு. உனக்கு எங்க?"

இரண்டாம் நாள் எனக்குப் பேச விஷயமே தீர்ந்துவிட்டது. கோல்வின் சைகையில் பேசு பேசு என்கிறார். அமாதோ ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு போகிறான், பாதிக்கு மேல் வந்துவிட்டான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் ஸ்கூலை விட்டது உனக்குச் சமைச்சுப் போடறதுக்கு இல்ல."

அவன் நின்றுவிட்டான். கோல்வினும் கடிகாரத்தை மறந்துவிட்டார். நிறுத்தாமல் பேச வேண்டும் என்பதுதானே எனக்குச் சொல்லியிருந்தது, மேலே பேசினேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று ஒரு பாடத்தை விளக்க வேண்டியிருந்ததையும், முதல் சொல் வராமல் மணி அடிக்கும்வரை நின்றதையும், மறுநாள் அந்தப் பக்கமே போகாததையும் சொன்னேன். அமாதோ என் முன்னால் வந்து நின்றான்.

"ஏண்டி இதை இவ்வளவு நாளா சொல்லல?"

எனக்குக் கோபம் வந்தது. "இப்ப ஏன் கேக்கறே? கேக்காதே. கடிகாரம் ஓடுது. நான் அழுதாலும் நீ ஆட்டத்தைச் சொல்லணும். அப்புறமா வந்து கேளு."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, முழங்காலில் கையை ஊன்றினான். நான் பேசினேன். இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் பேசினேன். அவன் காது சிவந்துபோனது. ஆனால் குரல் நிற்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டியபோது, தலையைக்கூடத் தூக்காமல், "யெசி, சும்மா இரு," என்றான். அதே மூச்சில், "குடை இடது, இரண்டில்," என்று முடித்தான்.

கோல்வின் கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நிறைய நேரம் மிச்சம் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவன் என்னை வாயை மூடச் சொன்னான், எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, நான் சொன்னபடியே அவன் வந்து, பள்ளிக்கூட விஷயத்தை முதலிலிருந்து கேட்டான்.

ஆனால் நான் தங்கை. டோபெக் தங்கை இல்லை.

வியாழக்கிழமை டோபெக் உள்ளிட்ட முன்வரிசை ஆட்களுக்குக் குவார்ட்டர்பேக் விருந்து வைப்பது வழக்கம். அமாதோ அவர்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகாமல் வீட்டுக்கே அழைத்தான். ஐந்து மலைகள் எங்கள் சோபாவில் உட்கார்ந்து நான் செய்த இறைச்சிக் குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டன. டோபெக் ஓயாமல் பேசினார். இப்படி ஒரு பையன் என் பெண்ணுக்கு மாப்பிள்ளையாக வந்தால் போதும், அவளுக்கு ஆறு வயதுதான், காத்திருப்பானா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். போகும்போது தொப்பியை மாட்டிக்கொண்டே, "ரொம்ப நல்ல பையன்டா நீ. அதான் உன்னை நம்பிப் பந்தைக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு," என்றார். அமாதோ, "சரிங்க சார்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பனி குறுக்காகப் பெய்தது. குடும்பத்தார் வரிசையில் டோபெக்கின் மனைவி ஷெரிலுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். முதல் பாதியில் பழைய கதைதான். வட்டத்தில் டோபெக்கின் கை ஆடும், அமாதோவின் தலை நிமிரும். மஞ்சள் துணி விழுந்தது. இரண்டாவது முறை விழுந்தபோது ஈரிக் கூட்டமே ஊளையிட்டது. கீழே பெஞ்சில் ஹார்லன் மேலங்கியைக் கழற்றிவிட்டுத் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். என் பின்னால் இருந்தவர், இந்தப் பையனை வெங்காயம் பிடுங்க அனுப்புங்கள் என்றார். திரும்பி ஏதாவது சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

கடைசிக் கால் பகுதி. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலாவதும் கடைசியுமான முயற்சி, இரண்டு கெஜம் வேண்டும். கிடைக்காவிட்டால் பந்து அவர்களுக்கு, ஆட்டமும் அவர்களுக்கு. தன் அணி கையில் பந்து இருக்கும்போது ஈரியில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். அறுபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் கூடியது. டோபெக்கின் கை எழுந்தது. எதிரணி ஆள் ஒருவனைக் காட்டி எதையோ ஆவேசமாகச் சொல்கிறார் என்று தெரிந்தது. என் பார்வை அமாதோவின் தலைக்கவசத்திலேயே இருந்தது.

அது நிமிரவில்லை.

டோபெக்கின் கை அந்தரத்தில் நின்றது. விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கி அவர் முழங்காலில் போய் உட்கார்ந்தது. ஷெரில் என் கையைப் பிடித்தாள். "இவருக்கு என்னாச்சு? அடிபட்டிருச்சா?" என்றாள்.

வட்டம் கலைந்தது. பந்து வைத்திருந்த கோட்டுக்கு அமாதோ வந்து நின்றபோது கடிகாரத்தில் நேரம் தாராளமாக இருந்தது. அவன் அவசரப்படவில்லை. இடமும் வலமும் பார்த்தான். டோபெக் கைகாட்டிய அதே ஆள் உள்ளே நகர்ந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ இரண்டு சொல் கத்தினான், முன்வரிசை முழுக்க அரை அடி இடம்மாறியது. பந்து வந்தது. குட்டையான வீச்சு, இரண்டு வேண்டிய இடத்தில் ஆறு கெஜம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வட்டமும் கூடியவுடன் கலைந்தது. மைதானத்தின் கோடி வரைக்கும் போனார்கள். கடைசிப் பந்தை அமாதோ மூலையில் ஓடியவனின் விரல் நுனிக்கு வீசினான். அவன் பிடித்துவிட்டான், ஆட்டம் எங்களுக்கு. வெங்காயக்காரர் எழுந்து நின்று என் முதுகில் தட்டினார். யார் முதுகு என்று அவருக்குத் தெரியாது. நான் வாய்விட்டுக் கத்தினேன், ஷெரில் திரும்பிப் பார்க்கும்படி.

ஆட்டம் முடிந்து குடும்பத்தார் காத்திருக்கும் நடைவழியில் கோல்வின் முதலில் வந்தார். என் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். பிறகு அமாதோ ஈரத்தலையோடு வந்தான்.

"என்ன சொன்னே அவர்கிட்ட?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "டோபெக் சார், வாயை மூடுங்கன்னு சொன்னேன்."

"சார்னா சொன்னே?"

"பின்ன எப்படிச் சொல்றது?"

நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு அந்த நாலாவது முயற்சியை எனக்கு விளக்க ஆரம்பித்தான். அந்த ஆள் எப்படி நகர்ந்தான், டோபெக் சொன்னது சரிதான், ஆனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் கோடு, வட்டம் இல்லை. கைகளை அகல விரித்து அவன் பேசிக்கொண்டிருக்கும்போது, முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு டோபெக் வந்து எங்கள் முன்னால் நின்றார். பக்கத்தில் அவருக்காகக் காத்திருந்த ஷெரில் திரும்பினாள். நடைவழியில் இருந்த எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

அமாதோ அவரைப் பார்த்தான். குரல் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் அவன் கையைக் கீழே இறக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. தான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கடைசிவரை எனக்குச் சொல்லி முடித்தான்.

அதுவரை டோபெக் நின்று கேட்டார். பிறகு ஷெரிலின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அமாதோவுக்கு ஒருமுறை தலையைச் சாய்த்துவிட்டு, கதவைத் தள்ளிப் பனிக்குள் நடந்து போனார்.